எல்மர் கீத் நினைவாக ஒரு ஜோடி .44 ஸ்பெஷல்: எண் 5-இலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது?

சால்மன்கரை:
வணக்கம் நண்பர்களே. அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட இரண்டு ரூகர் நியூ மாடல் ஃப்ளாட்டாப் பிளாக்ஹாக் ரிவால்வர்கள் கைவசம் இருக்கின்றன. இரண்டும் .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கானவை, 5½ அங்குல பேரல், தொழிற்சாலை நீலமெருகு. நடுத்தர ஃப்ரேம், பழைய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு சூட்டுக்கும் ஹாமரை, அதாவது அடிசுத்தியை, கையால் இழுக்கும் ரகம்) அளவுக்கு நெருக்கமானது. இவற்றை அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்துக்கு மரியாதையாக ஒரு ஜோடியாக்க வேண்டும். பெட்டியில் பூட்டிவைக்க அல்ல, தொடர்ந்து சுடுவதற்கு. மனதில் இருப்பவை: கீத்தின் ‘எண் 5’ ரிவால்வர் பாணி கிரிப் ஃப்ரேம் (பிடிச் சட்டம்), பெரிய தலை பேஸ் பின் (சிலிண்டர் சுழலும் அச்சுக்கம்பி), தங்கக் கோடு போட்ட முன் சைட் (குறிமுனை), தந்த நிறப் பிடி, கொஞ்சம் செதுக்கல். எதில் தொடங்குவது? எது கீத்துக்கு உரியது, எது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது?

எண்ஐந்து:
கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். செலவு எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

கீத் 1929 ஏப்ரல் அமெரிக்கன் ரைஃபிள்மேன் இதழில் எண் 5 பற்றி எழுதினார். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹரால்ட் கிராஃப்ட் ஏற்கெனவே நான்கு கோல்ட்களைத் தன் யோசனைப்படி மாற்றிச் செய்வித்து எண் போட்டிருந்தார். அந்த வரிசையில் அடுத்தது என்பதால்தான் ‘5’. செட்ஜ்லி, நீல் ஹூச்சின்ஸ் போன்ற துப்பாக்கிப் பட்டறைக் கைவினைஞர்களின் கை அதில் உண்டு. அடிப்படை ஒரு கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, .44 ஸ்பெஷல், 5½ அங்குலம். உங்கள் பேரல் நீளம் தற்செயலாகவே சரியாக அமைந்துவிட்டது.

அதில் இருந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஃப்ரேமின் மேல்பட்டையைத் தட்டையாக்கி வலுவூட்டியது, திருகக்கூடிய பின் சைட் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக. கோல்ட்டின் பிஸ்லி மாடலின் பின்பட்டையையும் சாதாரண ஆர்மியின் ட்ரிகர் கார்டையும் சேர்த்துக் கிரிப் செய்தது, உதைப்பில் பிடி உள்ளங்கையில் உருண்டு மேலே ஏறாமல் இருக்க. பிஸ்லி மாதிரி தாழ்ந்த ஹாமர் ஸ்பர் (ஹாமரை இழுக்கும் நீட்சி) கட்டைவிரலுக்கு எட்டும். பெரிய தலை பேஸ் பின்னும் அதன் பூட்டும், உதைப்பில் பின் முன்னால் நழுவாமல் இருக்க.

1955-இல் ரூகர் பிளாக்ஹாக் வந்தபோது தட்டை மேல்பட்டையும் திருகு சைட்டும் அதில் பிறவியிலேயே இருந்தன. பாதி வேலையை ரூகரே முடித்துக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ரூகரில் கீத்துக்கு மரியாதை செய்வது எந்த வகையிலும் குறைவு இல்லை. மிச்சம் இருப்பவை கிரிப், ஹாமர், பேஸ் பின், முன் சைட். இந்த நான்கும் கீத்துடையவை. செதுக்கல், தங்கம், கேஸ் கலர் (ஃப்ரேமில் பல நிறத் திட்டுகள் வரும் மெருகு) எல்லாம் உங்கள் விருப்பம். அவரும் அலங்காரத்தை வெறுத்தவர் அல்ல, செதுக்கிய தந்தப் பிடி அவருக்குப் பிடிக்கும். ஆனால் சுடாத துப்பாக்கிக்கு அவரிடம் மதிப்பு கிடையாது.

கடைசல்:
எண்ஐந்து சொன்னதற்கு மேலே ஒன்று. பாகம் எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு துப்பாக்கியையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ‘தௌ’ என்று நான் எழுதுவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதலில் சிலிண்டர் வாய்கள், அதாவது சுழலும் உருளையின் ஒவ்வொரு அறையிலும் ரவை வெளியேறும் முன்பகுதி. பின் கேஜ் (துல்லிய அளவு உருளைக் கம்பிகள்) வைத்துப் பன்னிரண்டையும் அளக்க வேண்டும். .430 தடையில்லாமல் இறங்க வேண்டும், .431 நிற்க வேண்டும். .429-க்கும் கீழே இருந்தால் .430 ஈயரவையை அது பிழிந்து சின்னதாக்கி அனுப்பும். பிறகு அது பேரலில் தளர்வாகப் போகும், ஓரத்தில் வாயு கசியும், ஈயம் ஒட்டும். ஒரு அறை மட்டும் குறுகலாக இருந்தால் ஆறில் ஒரு குண்டு எப்போதும் கூட்டத்தை விட்டு விலகி விழும். சுடுபவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஜோடி என்பதால் இங்கே கூடுதலாக ஒரு விஷயம் உண்டு. இரண்டு சிலிண்டரும் ஒரே அளவுக்கு வர வேண்டும். ஒன்று .429, மற்றது .432 என்றால் ஒரே தோட்டாவை இரண்டிலும் சுட முடியாது. பிறகு ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. சின்னதாக இருப்பதை ரீமர் போட்டுப் பெரிதாக்கலாம். பெரிதாக இருந்தால் வேறு சிலிண்டர்தான்.

அடுத்தது சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடைவெளி. ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) இரண்டு தடவை அளக்க வேண்டும், சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒரு முறை, முன்னால் தள்ளி ஒரு முறை. பின்னால் தள்ளும்போது 7 தௌ, முன்னால் தள்ளும்போது 3 தௌ என்றால் சிலிண்டரின் முன்பின் ஆட்டம் 4 தௌ. அது அதிகம், 1 அல்லது 2 போதும். ஆட்டத்தை ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டுக் குறைக்கலாம். இடைவெளியே அதிகம் என்றால் பேரலைக் கழற்றி ஒரு முழுச் சுற்று உள்ளே போகும்படி தோள்பட்டையைக் கடைந்து, பின்முனையைத் திரும்ப வெட்டி, 3 தௌ வைத்து முடிக்க வேண்டும். ஆனால் ஒரு சுற்று உள்ளே போனால் எஜெக்டர் கூட்டின் (காலிக் குடுவையைத் தள்ளும் கம்பியின் உறை) திருகுத் துளையும் அதே அளவு பின்னால் போய்விடும். கூட்டைக் குறுக்காவிட்டால் திருகு பொருந்தாது. வற்புறுத்தித் திருகினால் பேரலில் உள்ள மரை போய்விடும்.

கடைசியாக, ரூகர்களில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று. பேரல் ஃப்ரேமுக்குள் திருகப்படும் இடத்தில் துளை ஒன்றிரண்டு தௌ இறுகிவிடும். எண்ணெய் தடவிய மிருதுவான ஈயக்குண்டை மரக்கட்டியால் தட்டி முன்னிருந்து பின்னாகத் தள்ளுங்கள். வழுக்கிப் போய்க்கொண்டிருப்பது ஃப்ரேம் தொடங்கும் இடத்தில் நின்று தயங்கினால் அதுதான். பேரலைத் தேய்ப்பது, அல்லது அந்த இடத்தை மட்டும் ரவை அளவுக்கு ரீமர் போடுவது, இரண்டும் வழக்கத்தில் உள்ள தீர்வு. வாய்களைச் சரிசெய்த பிறகே இதைத் தொட வேண்டும்.

சால்மன்கரை:
நன்றி கடைசல் அண்ணே. பின் கேஜ் செட் வாங்கிவிடுகிறேன். கிரிப் ஃப்ரேமும் ஹாமரும் வீட்டிலேயே மாற்றக்கூடியவையா? ரூகருக்கே செய்த எண் 5 வடிவ எஃகுச் சட்டம் சந்தையில் இருக்கிறது. ஹாமருக்கு சூப்பர் பிளாக்ஹாக்கின் தாழ்ந்த அகல ஸ்பர் ஹாமர் போதுமா?

தீட்டுக்கல்:
ஹாமர் போதும், கட்டைவிரல் எட்டும் தூரம் கீத் கேட்டதற்கு அருகில் வந்துவிடும். ஆனால் “மாற்றிப் பூட்டினேன், வேலை செய்கிறது” என்று விடக்கூடிய பாகம் அது அல்ல. பிறகு சொல்கிறேன்.

கழற்றும் முறை: தோட்டா இல்லை என்று ஆறு அறையையும் பார்த்து, சிலிண்டரை வெளியே எடுங்கள். பிடிப்பலகைகளைக் கழற்றுங்கள். ஹாமரை முழுதாக இழுத்து நிறுத்தினால் மெயின் ஸ்பிரிங் கம்பியில் சிறு துளை தெரியும். அதில் ஒரு ஆணியைச் செருகி ஹாமரை மெதுவாக இறக்குங்கள். ஸ்பிரிங் அந்த ஆணியில் சிறைப்பட்டு நிற்கும். பிறகு கிரிப் ஃப்ரேம் திருகுகள். எல்லாம் ஒரே நீளம் அல்ல. அட்டையில் துப்பாக்கி வடிவம் வரைந்து, எந்தத் திருகு எந்த இடம் என்று குத்திவையுங்கள். சட்டம் பிரிந்ததும், சிலிண்டரைச் சுழற்றும் கொக்கியின் (pawl) ஸ்பிரிங்கும் அதன் சிறு முளையும் துள்ளும். சிலிண்டரைப் பூட்டும் லாட்சின் ஸ்பிரிங்கும் அப்படித்தான். பெரிய தட்டில், துணி விரித்துச் செய்யுங்கள். இரண்டு துப்பாக்கியையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். பாகங்கள் கலந்தால் டைமிங் (சிலிண்டர் சரியான நேரத்தில் சுழன்று பூட்டுவது) கெடும், பிறகு எது எதனுடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

புது கிரிப் ஃப்ரேம் வேண்டுமென்றே சில தௌ பெரிதாகவே வரும். திருகிப் பார்த்தால் ஃப்ரேமின் பின்தோளில் படிக்கட்டு மாதிரி துருத்தும். அதை அரத்தாலும் கட்டையில் சுற்றிய உப்புத்தாளாலும் ஃப்ரேமுடன் சேர்த்தே இழைக்க வேண்டும். தனியாகக் கழற்றி இழைத்தால் விளிம்பு உருண்டுவிடும், பூட்டியதும் சேருமிடத்தில் நிழல்கோடு விழும். கிரிப் இழைக்கும்போது ஃப்ரேமின் உலோகத்தையும் கொஞ்சம் தொடுவீர்கள், ஆகவே பழைய நீலமெருகு போய்விடும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே முழு மெருகும் புதிதாகப் போட வேண்டிவரும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

புதுச் சட்டத்தில் ஸ்பிரிங் உட்காரும் குழிகளின் ஆழத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஆழம் குறைந்தால் லாட்ச் ஸ்பிரிங் அதிகமாக நசுங்கி, லாட்ச் சிலிண்டரை உரசிக்கொண்டே இருக்கும். சில நூறு தடவை சுழன்றதும் சிலிண்டரைச் சுற்றி வளையம் மாதிரி பளபளப்புக் கோடு விழும்.

இப்போது ஹாமர். நியூ மாடலில் ஹாமர் நேராக ஃபயரிங் பின்னைத் தொடாது. ட்ரிகரை இழுத்தால் மேலே வரும் டிரான்ஸ்ஃபர் பார்தான் இடையில் நின்று அடியைக் கடத்தும். ஹாமரின் மேல்படி ஃப்ரேமில் மோத வேண்டும், அதே நொடியில் கீழ்ப்பகுதி பாரை லேசாக அழுத்த வேண்டும். அழுத்தமே இல்லையென்றால் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரில் அடி மெலிந்து தோட்டா வெடிக்காமல் போகும். அழுத்தம் அதிகமென்றால் ஹாமர் ஃப்ரேமைத் தொடாது, முழு அடியையும் அந்த மெல்லிய பட்டையே வாங்கும். நாளடைவில் உடையும். உடைந்தால் துப்பாக்கி சுடாது.

சோதனை: காலித் துப்பாக்கியில் ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடி ஹாமரைக் கட்டைவிரலால் முழுதாக இறக்குங்கள். இப்போது ட்ரிகரை மிக மெதுவாக விடுங்கள். பார் சிக்கி நின்று ஸ்பிரிங் வலுவால் திடீரென்று விழுந்தால் அழுத்தம் அதிகம். தடையே இல்லாமல் தளர்ந்து விழுந்தால் குறைவு. லேசான உரசலோடு இறங்கினால் சரி. மிகையாக இருந்தால் ஹாமரில் பாரைத் தொடும் முகத்திலிருந்து ஒரு தௌ, ஒரு தௌவாகக் கல்லில் எடுக்க வேண்டும். பாரைத் தேய்க்காதீர்கள்.

ட்ரிகர் எடை பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும்: ஹாமரின் கொக்கியைக் கல்லில் தேய்த்து இளக்க வேண்டாம். கடினமான மேல்தோலைத் தாண்டிவிட்டால் கீழே மிருதுவான உலோகம்தான், தேய்ந்துகொண்டே போகும். ஸ்பிரிங் மாற்றி 3 பவுண்டு அளவில் நிறுத்துங்கள். இரண்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்பதே ஜோடிக்கு முக்கியம்.

எண்ஐந்து:
பேஸ் பின் பற்றி நான் முடித்துவிடுகிறேன். பெல்ட் மவுண்டன் நிறுவனம் எண் 5 பாணி பெரிய தலையுடன் ரூகருக்குச் செய்கிறது. நியூ மாடலுக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும். பின்முனையில் ஸ்பிரிங் வைத்த சிறு முளை இருக்கும், அது டிரான்ஸ்ஃபர் பாரோடு சம்பந்தப்பட்டது. பழைய மூன்று திருகு மாடலின் பின்னில் அது கிடையாது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும்.

தலையின் அடியில் ஒரு சிறு திருகு வரும், பேரலின் அடிப்பக்கத்தில் ஊன்றிப் பின்னை நிறுத்த. அதைச் சாவியால் முறுக்கி இறுக்காதீர்கள், பேரலில் பள்ளம் விழும். தொட்டதும் கால் சுற்று போதும். அதோடு பேஸ் பின் லாட்ச் ஸ்பிரிங்கையும் வலுவானதாக மாற்றுங்கள். பின் நழுவுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் அந்தச் சின்ன ஸ்பிரிங்தான்.

பேஸ் பின் சிலிண்டருக்குள் விரலால் தள்ளினால் போகும்படி, ஆனால் பக்கவாட்டில் ஆடாதபடி இருக்க வேண்டும். கொஞ்சம் பருமனான பின் போட்டால் சிலிண்டரின் ஆட்டம் குறையும். அலங்காரத்துக்காக வாங்கும் பாகம் துல்லியத்தையும் கூட்டுகிறது. கீத்தின் ஒவ்வொரு மாற்றமும் இப்படித்தான்.

வெள்ளிமுனை:
முன் சைட்டுக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கீத் தூரச் சூட்டுக்குச் செய்த வழி எளிமையானது. பின் சைட்டைத் தொடாமல், முன் சைட்டைப் பள்ளத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்து, அதன் உச்சியில் இலக்கை உட்கார வைப்பது. எவ்வளவு உயர்த்தினோம் என்று கண்ணுக்குத் தெரிய முன் சைட்டின் பின்முகத்தில் குறுக்கே தங்கக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு தூரம். அந்தக் கோடு இல்லாமல் கீத் நினைவு ஜோடி என்று சொன்னால் மனம் ஒப்பாது.

முன் சைட்டின் தகடு, அதாவது பிளேடு, சதுர முகம் கொண்ட பாட்ரிட்ஜ் வடிவமாக இருக்க வேண்டும். தொழிற்சாலைச் சரிவு ராம்ப்பில் கோடு இழைத்தால் வெளிச்சம் பட்டு மினுங்கிக் கண்ணை ஏமாற்றும். தேவையைவிட 40 தௌ உயரமாக வைத்துத் தொடங்குங்கள். குறைக்கலாம், கூட்ட முடியாது.

உயரக் கணக்கு: இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை, குண்டு விலகிய அளவால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். சைட் இடைத்தூரம் 7 அங்குலம், 25 கஜம் என்பது 900 அங்குலம். குண்டு 3 அங்குலம் தாழ்வாக விழுந்தால் 7 × 3 ÷ 900 = .023. அதாவது பிளேடிலிருந்து 23 தௌ எடுக்க வேண்டும். தாழ்வாக விழுந்தால் முன் சைட்டை வெட்ட வேண்டும், உயரே விழுந்தால் பிளேடு ஏற்கெனவே குட்டை. இதைத் தலைகீழாக நினைத்து வெட்டியவர்கள் நிறைய. கணக்கில் வந்ததில் பாதியை மட்டும் அராவி மறுபடி சுடுங்கள். உங்கள் துப்பாக்கியில் இடைத்தூரம் சரியாக 7 இருக்காது, அளந்துகொள்ளுங்கள்.

ஜோடியில் ஒன்று 3 அங்குலம் தாழ்வு, மற்றது 1½ அங்குலம் தாழ்வு என்று வரும். அப்போது பிளேடுகளை வெவ்வேறு உயரத்துக்கு வெட்டாதீர்கள். இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தி, மிச்சத்தைப் பின் சைட் திருகில் சரிசெய்யுங்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகவே தெரியும், தங்கக் கோடுகளும் ஒரே இடத்தில் வரும்.

கோடுகளின் இடைவெளி: அதே கணக்குதான். 7 அங்குல இடைத்தூரத்தில் முன் சைட்டை 20 தௌ உயர்த்தினால் 100 கஜத்தில் சுமார் 10 அங்குலமும், 200 கஜத்தில் சுமார் 20½ அங்குலமும் குண்டு மேலே ஏறும். ஆனால் கோட்டைக் கணக்கில் இருந்து வெட்டக் கூடாது. நீங்கள் சுடப்போகும் தோட்டா முடிவானதும், பிளேடில் சோக்குக்கட்டியால் தற்காலிகக் கோடு போட்டு 100, 150, 200 கஜத்தில் சுட்டுப் பார்த்து, அந்த இடத்தைக் குறித்துச் செதுக்குபவரிடம் கொடுங்கள்.

இழைக்கும் முறை: 24 காரட் கம்பி, 20 தௌ பருமன். 12 முதல் 15 தௌ ஆழத்தில் உளியால் பள்ளம் வெட்டி, அடியில் இரு பக்கமும் உள்வாங்கச் சாய்த்து, கம்பியை வைத்துப் பித்தளை முளையால் தட்டி இறக்க வேண்டும். மேலே துருத்துவதை அரத்தால் சமன் செய்ய வேண்டும். 22 காரட் நகைத்தங்கம் கடினம், பள்ளத்தின் மூலைக்குள் ஓடி உட்காராது, ஒருநாள் கழன்று விழும். பள்ளத்தில் எண்ணெய் இருந்தாலும் அப்படியே. அசிட்டோனில் கழுவிக் காயவைத்த பிறகே கம்பி.

சால்மன்கரை:
சோக்குக்கட்டி யோசனை பிரமாதம். இப்போது பிடியும் மெருகும். யானைத் தந்தம் வேண்டாம் என்று முடிவு. மாமத் (அழிந்துபோன பழங்கால யானை இனம்) தந்தம், மான்கொம்பு, மைக்கார்ட்டா (பிசினில் துணி அல்லது காகிதம் அடுக்கிச் செய்த பலகை), இதில் எது? கேஸ் கலர் போட்ட ஃப்ரேமும் நீல பேரலும் என்றால் அழகாக இருக்குமே?

மிளாக்கொம்பு:
யானைத் தந்தம் வேண்டாம் என்றது நல்ல முடிவு. 2016 ஜூலையில் வந்த அமெரிக்கக் கூட்டரசு விதிக்குப் பிறகு மாநிலம் விட்டு மாநிலம் விற்பது ஏறக்குறைய முழுதாக அடைபட்டுவிட்டது. மாமத் தந்தத்துக்குக் கூட்டரசுத் தடை இல்லை, ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களில் அதையும் விற்க முடியாது. வாங்கும் முன் வாங்குபவர், விற்பவர் இருவரின் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள்.

மான்கொம்பு என்று அமெரிக்கர்கள் போற்றும் ‘சாம்பார்’ நம் ஊர் மிளாவின் கொம்புதான். அதன் பட்டை தடிப்பு, உள்ளே பஞ்சுபோன்ற பகுதி குறைவு, ஆகவே பலகையாக அறுத்தாலும் திடமாக நிற்கும். அமெரிக்க எல்க் கொம்பில் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும், அறுத்தால் ஓட்டை தெரியும். 1990-களின் கடைசியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்திய பிறகு கிடைப்பதெல்லாம் பழைய இருப்பு. நல்ல ஜோடி கிடைப்பதே அபூர்வம், உங்களுக்கு நான்கு பலகை வேண்டும். நான்கும் வளைவு, நிறம், வரி மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். கடினம்.

கீத்துக்கு உரியது தந்தம் என்பதால் மாமத் அல்லது தந்தநிற மைக்கார்ட்டா. தொடர்ந்து சுடுவதற்கு என்றீர்கள், என் வாக்கு மைக்கார்ட்டாவுக்கு. சுருங்காது, வெடிக்காது, நாள்பட நாள்பட மஞ்சளோடி வெண்ணெய் நிறம் வரும். ஒரே கட்டியிலிருந்து நான்கு பலகையையும் அடுத்தடுத்து அறுத்து எண் போட்டுக்கொள்ளுங்கள். நிறம் ஒரே மாதிரி முதிரும்.

மாமத் என்றால் அறுத்த பலகையைப் பட்டறையின் ஈரப்பதத்துக்குப் பழகச் சில வாரம் விடுங்கள். புதிதாக வெட்டிய உடனே பொருத்தினால் பிறகு சுருங்கி, உலோக விளிம்பைவிட உள்ளே இறங்கிவிடும். அதனால் ஓரத்தை உலோகத்தைவிட ஒரு மயிரிழை உயரமாகவே விட வேண்டும். வெயிலில் காரின் டாஷ்போர்டு மீது வைத்தால் முடிந்தது, நெடுக விரியும்.

பொருத்துவது: சட்டத்தின் விளிம்பில் கறுப்பு மை தடவி, பலகையை அழுத்தி எடுத்தால் படும் இடம் கறுக்கும். அங்கே மட்டும் சீவு. மறுபடி மை, மறுபடி சீவல். பொறுமைதான் கருவி. கீழே இருக்கும் நிலைப்பின்னுக்குத் துளை சரியாக விழவில்லையென்றால் பலகை உதைப்பில் நகர்ந்து, திருகுத் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். திருகை விரல் நுனியில் ஸ்க்ரூடிரைவர் பிடித்து இறுக்கினால் போதும், முஷ்டி வேண்டாம்.

உயரச் செதுக்கல் வைப்பதானால் வலக்கைக்காரருக்கு வலப்பலகையில் வையுங்கள். மாட்டுத்தலை போன்ற புடைப்பு உள்ளங்கைக் குழிக்குள் போய் உட்காரும். இடப்பலகையில் வைத்தால் விரல்நுனிகளைத்தான் குத்தும்.

உளிமுனை:
மெருகுக்கு முன் ஒன்று: கிரிப் ஃப்ரேம், எஜெக்டர் கூடு இரண்டிலும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம். சூட்டு நீலமெருகு என்பது காஸ்டிக் உப்புக் கரைசலில் 140 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்க வைப்பது. அலுமினியம் அதில் விழுந்தால் நுரைத்துக் கரைந்துவிடும், கூடவே தொட்டியும் கெடும். அலுமினியக் கூட்டைக் கழற்றிவைத்துவிட்டு எஃகுக் கூடு வாங்குங்கள், எடையும் கொஞ்சம் முன்னால் வரும்.

அதே காரணத்தால் முன் சைட்டை ஈயத் தகரப் பற்றாசில் ஒட்டக் கூடாது. உப்பு அந்தப் பற்றாசைத் தின்றுவிடும், முதல் சூட்டிலேயே பிளேடு பறக்கும். வெள்ளிப் பற்றாசு, அல்லது பள்ளம் வெட்டிப் பின் அடித்து இறுக்குவது. வெள்ளிப் பற்றாசுக்குச் சூடு அதிகம், ஆகவே பேரல் கழற்றிய நிலையில்தான்.

ரூகர் ஃப்ரேம் வார்ப்பு எஃகு. சூட்டு நீலத்தில் சில சமயம் கருநீலம் ஆகாமல் நாவற்பழ நிறத்துக்கு ஓடும். ஜோடியில் ஒன்று கறுப்பு, ஒன்று ஊதா என்று வந்தால் எவ்வளவு வருத்தம்! இரண்டு துப்பாக்கியையும் ஒரே தொட்டியில், ஒரே தடவையில் போடச் சொல்லுங்கள். மெருகேற்றும் தாளும் இரண்டுக்கும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். 400-இல் நிறுத்தியதும் 600-இல் நிறுத்தியதும் ஒரே உப்பில் வேறு வேறு நிறமாகத் தெரியும்.

கேஸ் கலர் பற்றி: எலும்புக்கரியில் புதைத்து 700 டிகிரிக்கு மேல் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பது அது. ரூகர் ஃப்ரேம் ஏற்கெனவே சூட்டுப்பதம் செய்தது. மறுபடி காய்ச்சினால் அந்தப் பதம் போகும், துளைகள் நகரும், ஃப்ரேம் முறுக்கும். இதற்கென்றே இருக்கும் பட்டறைகள் செய்கின்றன, பிறகு திரும்பப் பொருத்தும் வேலையும் அவர்களே. ஆனால் பேரல், டைமிங் எல்லாம் கடைசல் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்த பிறகு அதை நெருப்பில் போட எனக்கு மனம் வராது. முழு நீலம், தந்தநிறப் பிடி, முன் சைட்டில் தங்கக் கோடு. அந்த மூன்று நிறமே போதும்.

செதுக்கல்: இழைத்து, மெருகேற்றி, நீலம் போடுவதற்கு முன் செய்ய வேண்டும். வார்ப்பு எஃகு உளியை மழுங்கடிக்கும், கார்பைடு உளி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். சிலிண்டரில் அறைச்சுவர் மெல்லியதாக இருக்கும் இடங்களிலும், லாட்ச் பள்ளங்களின் அருகிலும் ஆழமாக வெட்டக் கூடாது. வரிசை எண்ணின் மேல் தாளோ உளியோ படக் கூடாது. அது அழிந்தால் கூட்டரசுக் குற்றம். மெருகேற்றுபவரிடம் வாயால் சொன்னால் போதாது, எண்ணின் மேல் நாடா ஒட்டிக் கொடுங்கள்.

இன்னொன்றை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். கீத்தின் பெயரையோ கையெழுத்தையோ வெளியே செதுக்காதீர்கள். அவருடைய தொகுப்பு 2015-இல் ஏலத்துக்கு வந்தது, அவர் கைப்பட்ட துப்பாக்கிகளுக்குத் தனி விலை. ஐம்பது ஆண்டு கழித்து உங்கள் ஜோடி யாரிடம் போகும் என்று தெரியாது. பெயர் இருந்தால் யாரோ அதை அவர் துப்பாக்கி என்று விற்பார்கள். கிரிப் ஃப்ரேமின் உள்பக்கம், பலகை மறைக்கும் இடத்தில், செய்த ஆண்டு, செய்த பட்டறை, ‘1/2’, ‘2/2’ என்று வெட்டிவையுங்கள்.

சால்மன்கரை:
கையெழுத்தைத்தான் செதுக்க நினைத்திருந்தேன். விட்டுவிட்டேன். உள்பக்கக் குறிப்பு அதைவிட மேல். கேஸ் கலரும் இல்லை. பிடி மைக்கார்ட்டா. கடைசியாகத் தோட்டா. கீத் எழுதிய .44 ஸ்பெஷல் அளவுகளையே இதில் போடலாமா?

கடைசல்:
வேண்டாம். அவருடைய அளவுகள் அந்தக் காலப் பித்தளைக்கும் அந்தக் காலத் துப்பாக்கிக்கும், அவர் தன் பொறுப்பில் செய்தவை. பித்தளைக் குடுவையின் அடிப்பகுதி அன்று வேறு, இன்று வேறு. உள்கொள்ளளவு மாறினால் அதே அளவு வெடிமருந்துக்கு அழுத்தம் மாறும். .44 ஸ்பெஷலுக்கான தொழில்துறை உச்சவரம்பு 15,500 பிஎஸ்ஐ, .44 மேக்னத்துக்கு 36,000. உங்களுடையது நடுத்தர ஃப்ரேம். இதன் சிலிண்டரை மேக்னம் அறையாக ஆழப்படுத்தும் பேச்சே எழக் கூடாது, சுவர் தாங்காது. இன்றைய கையேட்டில் உள்ள அளவை மட்டும் பின்பற்றுங்கள்.

ரவை மட்டும் அவருடையதாக இருக்கட்டும். ஐடியல் 429421 அச்சு, ஏறக்குறைய 250 கிரெயின் எடை. மூன்று பட்டை, சதுர வெட்டு எண்ணெய்ப் பள்ளம், தட்டை மூக்கு. பள்ளம் உருண்டையாக இருக்கும் பதிப்பும் சந்தையில் உண்டு, அவர் கேட்டது சதுரம். வார்த்ததை .430-க்கு அளவிட்டு, வாய்களில் பெருவிரலால் தள்ளிப் பாருங்கள். லேசான பிடிப்போடு வழுக்கினால் வாயும் ரவையும் பொருந்திவிட்டன.

வெள்ளிமுனை:
அந்தத் தோட்டாவை முடிவு செய்த பிறகே பிளேடில் அரம் வையுங்கள். வேகம் மாறினால் குண்டு விழும் இடம் மாறும். ரிவால்வரில் பெரும்பாலும் மெதுவான ரவை உயரே விழும், ஏனென்றால் அது பேரலை விட்டுப் போவதற்குள் மூக்கு இன்னும் கொஞ்சம் தூக்கிவிடும்.

சால்மன்கரை:
அப்படியென்றால் வரிசை: அளவு, வாய், பேரல், ஹாமர், சட்டம், பிறகு தோட்டா, பிறகு அரம், தங்கம், செதுக்கல், நீலம். பிடிப்பலகை எங்கே வரும்?

மிளாக்கொம்பு:
சட்டம் இழைத்து 220 தாள் போட்டதும் பலகையைப் பொருத்தி, உலோகத்தோடு சேர்த்து இழைத்துவிட்டுக் கழற்றிவையுங்கள். கடைசி மெருகுத்தாள் ஒன்றிரண்டு தௌ உலோகத்தைத் தின்னும், அந்த அளவு பலகை உயர்ந்து நிற்கும். நீலம் முடிந்து வந்ததும் பலகையின் ஓரத்தை மட்டும் நாடா ஒட்டிய விளிம்புக்குச் சமமாக 600 தாளால் இறக்குங்கள். நாடா கிழிந்தால் நிறுத்தி மறுபடி ஒட்டிவிட்டுத் தொடருங்கள்.